பலகையில் மிஞ்சிய பில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இறாலை உரித்து உறையவைத்துக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றின் வாசலில் ஒரு மரப்பலகை நிற்கிறது. பாதி சிவப்பு, பாதி பச்சை. வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளைப் பில்லை ஒன்று. அது சிவப்பில் தொங்கினால் ஆள் வெளியே, பச்சையில் தொங்கினால் உள்ளே. நடுவில் ஒருமுறை கைரேகை மிஷின் வாங்கிப் பார்த்தார்கள். நாள் முழுக்க இறால் உரிக்கிற விரல்களில் ரேகை மிச்சமிருக்கும் என்று நம்பிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பெண்கள் விரலை வைக்க வைக்க, மிஷின் ஒவ்வொருத்தியையும் 'நீ யார்' என்று கேட்டது. கடைசியில் மிஷின் ஸ்டோர் ரூமுக்குப் போனது, பில்லை வாசலுக்குத் திரும்பி வந்தது.

கங்கம்மாள் தினமும் அந்தப் பலகையில் இரண்டு மூன்று பில்லைகளை மாட்டுவாள். அவற்றில் ஒன்றுதான் அவளுடையது.

இதைத் திருட்டு என்றால் அவளுக்குக் கோபம் வரும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவள் குப்பத்தில், வலை போட ஆளுக்கொரு முறை வரும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் அவன் பெயரில் வலை போட்டு, அவன் பங்கை அவன் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போவான். நன்றி என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நாளைக்கு இவனுக்குக் காய்ச்சல் வராதா என்ன. கங்கம்மாளைப் பொறுத்தவரை பில்லை மாட்டுவதும் அந்த வகைதான்.

குப்பத்திலிருந்து கம்பெனிக்கு வர முதலில் பொன்னேரி பஸ், அப்புறம் லோக்கல் ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. பஸ் தாமதித்தால் ரயில் போய்விடும். ரயில் கவரப்பேட்டைக்கு வெளியே ஏதாவது சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நின்றால், இங்கே மணி அடித்துவிடும். மணி அடித்தபின் பில்லை மாட்டினால் அரைநாள் கூலி போச்சு. அதனால் முதல் பஸ்ஸில் வருகிற கங்கம்மாள், பின்னால் வருகிற செல்வி, அஞ்சம்மாள் இவர்களுடையதையும் மாட்டி வைப்பாள். ஏற்கெனவே 'உள்ளே' இருக்கிறவள் முன்வாசலில் வந்து நின்றால் நன்றாக இருக்காது. ஆகவே அவர்கள் கட்டடத்தின் பின்புறம் ஐஸ் லாரி நிற்கிற வாசலில் நுழைந்து, ஐஸ் நொறுக்கும் நடை வழியாக நழுவி, மேஜைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

"இன்னா கங்கம்மா, வந்தது நீ ஒருத்தி, தொங்குறது மூணு?" என்பான் வாட்ச்மேன் கலியன்.

"அவங்க கவரப்பேட்டைய தாண்டிட்டாங்களாம்பா. நீ அந்தாண்ட பாரு."

கலியன் அந்தாண்ட பார்ப்பான். வாரம் தவறாமல் அவன் வீட்டுக் குழம்பில் மிதக்கிற பழவேற்காட்டு நண்டு, அவன் கழுத்தை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தது.

கங்கம்மாள் உரிப்புக் கூடத்துக்கு சூப்பர்வைசர். அந்தப் பதவிக்கு அவளிடமிருந்த பெரிய தகுதி குரல். கூடத்தின் இந்தக் கோடியில் அவள் வாயைத் திறந்தால் அந்தக் கோடியில் விரல்கள் தானாக வேகம் பிடிக்கும். புருஷன் ஏரிக்குப் போகிறவர். அப்பா முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர், உடம்பு கிடைக்கவில்லை. அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தாள். தம்பி எழிலரசன் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அடித்து உதைத்து ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள், கம்பெனியில் யார் யார் காலிலோ விழுந்து வேலை வாங்கிக் கொடுத்தாள். இப்படியாகத் தம்பியைக் கடலிலிருந்து காப்பாற்றி, அமோனியாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

இறாலை உறையவைக்க அமோனியா வேண்டும். குழாய்க்குள் இருக்கும்வரை அது உத்தமமான வாயு. வெளியே வந்துவிட்டால் கண், தொண்டை, நுரையீரல் என்று உடம்பில் ஈரம் இருக்கிற இடமாகத் தேடிப் போகும். எங்கேயாவது கசிந்து, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு போய்த் தேட வேண்டியவன் எழிலரசன்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனரல் மேனேஜர் மோகன்ராஜ் ஒரு கடற்கரை ஹோட்டலில் பயிற்சி முடித்துவிட்டுப் புது மனிதராகத் திரும்பினார். கூடவே ஒரு வட்டம் வந்தது. அதில் நான்கு துண்டு: திட்டமிடு, செய்து பார், ஆராய், திருத்து. கேன்டீன் சுவரில் நான்கு கலரில் பெரிதாக வரைந்தார்கள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க," என்று மோகன்ராஜ் சாப்பாட்டு வேளையில் விளக்கினார். "சின்னதா ஒண்ணை மாத்துங்க. ஒரே ஒரு எடத்துல செஞ்சு பாருங்க. என்ன ஆச்சுன்னு நேர்மையா பாருங்க. தப்புன்னா திருத்துங்க. மறுபடியும் சுத்துங்க."

பெண்கள் சுவரைப் பார்த்தார்கள். "நாலா வெட்டுன ஊத்தப்பம்," என்றாள் அஞ்சம்மாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

உள்ளபடியே அது நல்ல யோசனைதான். அதுவரை அந்தக் கம்பெனியில் எந்த மாற்றமும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே வெற்றியடைந்துவிடும். அதற்கப்புறம் அதைத் திரும்பிப் பார்ப்பது கம்பெனியை அவமதிப்பது.

ஊத்தப்பத்தில் முதலில் போட்டது ஆள் எண்ணிக்கையை. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் ஓடிவந்து வாதுமை மரத்தடியில் நிற்க வேண்டும், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று சீக்கிரம் தெரிய வேண்டும். இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்க்க வரப்போகிறார்கள். பாதுகாப்பு அதிகாரி நந்தினியிடம் பொறுப்பு வந்தது. வேப்பம்பட்டில் வீடு. பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வருகிற இளம் பெண். வேலையில் அக்கறை, பேச்சில் பதைப்பு.

முதல் சுற்றில் கம்ப்யூட்டர் தாளைப் பார்த்துப் பெயர் படித்தார்கள். அகர வரிசையில் 'ஹேமாவதி' வருவதற்குள் பாதிப்பேர் டீக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் சுற்றில் மேஜைக்கு ஒரு தலைவி எண்ணினாள். கூட்டிப் பார்த்தால் கம்பெனியில் இருப்பதைவிட அதிகம் பேர் உயிர் தப்பியிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் நந்தினிக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பலகைக்கே சக்கரம் வைத்தால் என்ன? சங்கு ஊதியதும் கலியன் அதை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வருவான். வந்து சேர்ந்தவள் பச்சையிலிருந்து தன் பில்லையைத் தானே எடுத்துக்கொள்வாள். எடுக்காமல் தொங்குகிற பில்லையின் சொந்தக்காரி உள்ளே இருக்கிறாள். சக்கரம் சாக்கடையில் மாட்டிக்கொண்டது. திருத்தினார்கள். நான்காம் சுற்றில் பெரிய சக்கரம். பலகை வழுக்கிக்கொண்டு வந்தது, டீ ஆறுவதற்குள் பச்சைப் பாதி துடைத்துவிட்டாற்போல் காலி. எல்லோரும் கை தட்டினார்கள்.

"சூப்பர்க்கா இது," என்றான் எழிலரசன், மூச்சுக்கருவியைக் கழற்றி வைத்துக்கொண்டே. "பலகையில பில்லை நின்னா நான் உள்ள போவணும். நிக்கலன்னா டீ குடிக்கலாம்."

கங்கம்மாள் கை தட்டுவதை நிறுத்தினாள்.

நான்கு சுற்றும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்தவை. அந்நேரம் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் மேஜையில் இருப்பார்கள், பில்லையும் ஆளும் பொருந்தும். காலையில் அப்படியில்லை. காலையில் அந்தப் பலகை பொய் சொல்லும், அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

மறுநாளே நந்தினி வந்தாள். "கங்கம்மாக்கா, அடுத்த சுத்து காலையில வெச்சுப் பாக்கலாமா? மணி அடிச்ச உடனே. வேற நேரத்துலயும் சரியா வருதான்னு தெரியணும் இல்ல?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் யார் வேலை போகும்? செல்வி, அஞ்சம்மாள், முதலில் அவளே. அடுத்தவர் பில்லையைத் தொட்டால் வேலையிலிருந்து நீக்கம் என்று பலகைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.

"காலையில வேணாம்மா," என்றாள். "அப்பத்தான் எறா வந்து எறங்கும். மேஜ மேல கொட்டிட்டு எல்லாரும் மரத்தாண்ட போய் நின்னா ஐஸ் கரைஞ்சிரும். சரக்கு கெட்டா பெரிய பேஜாருமா. அப்பால பாத்துக்கலாம்."

நந்தினி கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனை தேவைக்கு மேல் சீக்கிரமாக முடிந்தது. "அதுவும் சரிதான்," என்றாள். ஊத்தப்பத்தின் மூன்றாவது துண்டு, 'ஆராய்' என்பது, அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து தின்ற துண்டு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காலையில் பொன்னேரி சாலையில் முழங்காலளவு தண்ணீர். கங்கம்மாள் எப்படியோ வந்து சேர்ந்தாள். பின்னால் வருகிற பஸ் ஏதோ பள்ளத்தில் நிற்கிறதாம். பலகைக்கு முன்னால் ஈரத் தலையோடு நின்று, தன் பில்லையை மாட்டினாள். செல்வியுடையதை மாட்டினாள். அஞ்சம்மாளுடையதை மாட்டினாள். கலியன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. கூடத்தில் இறால் கொட்டியாயிற்று. வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி, நீல ஏப்ரன். கண்களைத் தவிர எல்லோரும் ஒரே ஆள். கங்கம்மாள் இரண்டாவது மேஜையில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தபோது மூக்குக்குள் ஊசி ஏறினாற்போல் இருந்தது. அடுத்த மூச்சில் கண் எரிந்தது. அதற்கடுத்து சங்கு ஊதியது.

"எழுந்திரு! எழுந்திருடி! ஓடு! மரத்தாண்ட ஓடு!"

ரப்பர் பூட்ஸ்கள் ஈரத் தரையில் சறுக்க எல்லோரும் வெளியே வந்து விழுந்தார்கள். கட்டடத்தின் பின்பக்கம், ஐஸ் நடையை ஒட்டிய குழாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. காற்று கடலிலிருந்து அடித்து அதை மரத்தடிக்கு எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவர்கள் பக்கம் இருந்தது. கலியன் முன்வாசலை இழுத்து மூடிவிட்டு, பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பெரிய சக்கரம் அழகாக உருண்டது.

ஒவ்வொருத்தியாக வந்து பில்லையை எடுத்தார்கள். எழிலரசன் காற்று உருளையை முதுகில் ஏற்றிக்கொண்டு, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை காலியாகிக்கொண்டே வந்தது. பிறகு காலியாவது நின்றது.

இரண்டு பில்லை.

"யாரோடது? நம்பர் பாருங்க!" நந்தினி கத்தினாள். அன்று அதிசயமாக முந்தின ரயிலைப் பிடித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

கங்கம்மாள் நம்பரைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

வந்துவிட்டார்களா? ஐஸ் வாசல் வழியாக வந்து மேஜையில் உட்கார்ந்தார்களா? மூன்றாவது மேஜையில் ஒரு கண்ணைப் பார்த்த ஞாபகம். அது செல்வியின் கண்ணா, வேறு எவளுடையதோவா? பஸ் இன்னும் பள்ளத்திலேயே நிற்கிறதா? போன் போட்டுக் கேட்கலாமென்றால் எல்லோருடைய போனும் உள்ளே லாக்கரில். கலியனிடம் போன் இருக்கிறது. ஆனால் யாருடைய நம்பரும் யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது.

"செல்வி, அஞ்சம்மா," என்று படித்துவிட்டு நந்தினி திரும்பினாள். "ரெண்டு பேர் உள்ள. எழில், உரிப்புக் கூடம் போங்க. மேஜைக்கடியில எல்லாம் பாருங்க."

எழிலரசன் முகமூடியை மாட்டப் போனான். கங்கம்மாள் அவன் தோள்வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதடா."

"இன்னாக்கா இது, வுடு!"

"அவங்க... அவங்க உள்ள இல்லாமகூட இருக்கலாம்."

"இல்லாம எப்படி இருப்பாங்க?" என்றாள் நந்தினி. "பில்லை நிக்குதே!"

பின்னாலிருந்து ஒரு கை கங்கம்மாளின் இடுப்பைக் கிள்ளியது. "யம்மோவ், வாய மூடு. எல்லார் பொழப்பும் போயிரும்," என்றது ஒரு கிசுகிசுப்பு.

முகமூடிக்குப் பின்னால் தம்பியின் முகம் பாதி தெரிந்தது. முகத்துவாரத்துக்குக் கிளம்பின அன்றைக்கு அப்பாவும் இப்படித்தான் அவசரமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான்தாம்மா மாட்டினேன்," என்றாள் கங்கம்மாள். "ரெண்டு பில்லையும். அவங்க வர்றதுக்கு முன்னாலயே மாட்டிட்டேன். டெய்லி மாட்டுவேன்."

நந்தினி அவள் பக்கம் பாய்ந்து வந்தாள்.

"அப்ப இப்ப அவங்க உள்ள இருக்காங்களா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க!"

இருக்கிறார்கள் என்றால் அவன் போக வேண்டியது. இல்லை என்றால் நிற்க வேண்டியது. இரண்டில் ஏதோ ஒன்றைச் சொல்லும் தைரியம் இருந்தால் நன்றாக இருக்கும். கங்கம்மாளிடம் இருந்தது மூன்றாவது பதில்.

"தெர்லம்மா."

எழிலரசன் ஒரு வினாடி அவளைப் பார்த்தான். "தெர்லன்னா போய்த்தான் ஆவணும்," என்று அவள் கையைத் தட்டிவிட்டு, முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கதவு அவனை விழுங்கிக்கொண்டது.

கங்கம்மாள் முன்வாசலுக்கு ஓடினாள். பூட்ஸ் ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது. மூடிய கேட்டுக்கு வெளியே, குடையும் பிளாஸ்டிக் பையுமாகத் தாமதமாக வந்தவர்களின் கும்பல். ஒவ்வொரு முகமாகக் கம்பி வழியாகப் பார்த்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

"செல்வி! நீ வெளியவா இருக்க! அஞ்சு எங்கடி? அஞ்சு எங்க?"

"இன்னாக்கா ஆச்சு? அது எனக்கு முன்னால ஓடிச்சு. ஐஸ் வாசலாண்ட போச்சு. நான் போறதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்க, அதான் இப்படிக்கா ஓடியாந்தேன். அது உள்ள போயிருக்கும்."

உள்ளே. அதுவும் உரிப்புக் கூடத்தில் இல்லை. குழாய் வெடித்த அந்த நடையில்.

இரண்டு பேருமே உள்ளே இல்லை என்று சற்றுமுன் சொல்லியிருந்தால்? அதை நினைக்க நேரமில்லை. மரத்தடிக்குத் திரும்பி ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லவும் நேரமில்லை. கங்கம்மாள் இருந்த இடத்திலேயே திரும்பி நின்று, தன் பதவிக்குக் காரணமான அந்தக் குரலைத் திறந்தாள்.

"ஐஸ் நட! நந்தினிமா, ஐஸ் நட! அஞ்சு மட்டுந்தான்! கூடத்துல இல்ல, ஐஸ் நடையில!"

முற்றம் முழுக்க அது கேட்டது. நந்தினி வாக்கி-டாக்கியைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். "எழில், கேக்குதா? கூடத்தை விடுங்க. ஐஸ் நடை. ஒரே ஆள்தான். ஐஸ் நடை!"

வாக்கியில் கரகரப்பு. அப்புறம் தொலைவிலிருந்து வருகிற மாதிரி அவன் குரல்: "ஒண்ணுமே தெர்ல மேடம். செவுத்தப் புடிச்சிக்கினு போறேன்." அப்புறம் ஒரு விசில் சத்தம், விடாமல். உருளையில் காற்று தீரப்போகிறது என்று மூச்சுக்கருவி கொடுக்கிற எச்சரிக்கை அது. மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்ததில், இல்லாத ஒருத்திக்காக அவன் செலவழித்த காற்று.

"எழில், வெளிய வாங்க! எழில்!"

விசில் மட்டும் வந்தது. ஒரு காலில் பூட்ஸோடும் ஒரு காலில் சேற்றோடும் கங்கம்மாள் வந்து நின்றாள். யாரும் அவளைத் தொடவில்லை. அவள் அழவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிலும் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. எழிலரசன் பின்பக்கமாக நடந்து வந்தான், இரண்டு கையாலும் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு. மூட்டை இருமியது. மழையில் நனைந்த முந்தானையை முகத்தில் சுற்றி, ஐஸ் குவியலோடு ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாளாம் அஞ்சம்மாள். அந்த ஈரத் துணிதான் அதுவரை அவளுக்காக மூச்சுவிட்டிருக்கிறது. எழிலரசன் முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

குழாயடியில் அஞ்சம்மாளின் கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கண் திறக்கவில்லை. தொண்டை கிழிந்த குரலில் அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"என் பில்லைய மாட்டிட்டியாக்கா?"

விசாரணை நடந்தது. அஞ்சம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பார்வை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அறிக்கை அதைவிட வேகமாகத் தயாரானது. காரணம்: பணியாளர் ஒழுங்கீனம். தீர்வு: கங்கம்மாளை நீக்குவது. உத்தரவு அடித்து மோகன்ராஜின் மேஜைக்கு வந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நந்தினி அவர் அறைக்குப் போனாள். கங்கம்மாளும் கதவோரம் நிறுத்தப்பட்டிருந்தாள்.

"சார், நாலு சுத்தும் மதியத்துலயே வெச்சோம். காலையில வெச்சிருந்தா ரெண்டு பில்லை அன்னைக்கே மிஞ்சியிருக்கும், யாரும் சாகப் போகாமலே தெரிஞ்சிருக்கும்."

"இந்தம்மா பொய் சொன்னதுக்கு?"

"பொய் சொன்னாங்க. நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேளுங்க சார். காலையில மணி அடிக்கிறப்ப நான் பாதி நாள் பேசின் பிரிட்ஜ்ல நின்னுக்கிட்டிருப்பேன். எனக்கும் மதியம்தான் வசதி."

மோகன்ராஜுக்கு இதுபோன்ற நேர்மை பயிற்சி ஹோட்டலில்தான் பழக்கம். அலுவலகத்தில் அது அவரைச் சங்கடப்படுத்தியது. நந்தினி விடவில்லை. இன்னொரு சுற்று கேட்டாள். உரிப்புக் கூடத்துக்கு மட்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள் மணி அடித்தபின் கொஞ்சம் தாமதித்து வந்தாலும் கூலி வெட்டு இல்லை, சாயங்காலம் ஈடு செய்யட்டும். காரிலும் பைக்கிலும் வருகிறவர்களுக்குப் பழைய விதியே. ஐஸ் வாசல் பூட்டு. அவரவர் பில்லையை அவரவரே தொட வேண்டும். நாள் சொல்லாமல், காலையிலேயே சங்கு ஊதிப் பார்ப்பது.

"செஞ்சு பாருங்க," என்றார் மோகன்ராஜ். "இந்தச் சுத்து முடியட்டும். அதுக்கப்புறம் இவங்க விஷயம்."

கங்கம்மாள் சூப்பர்வைசர் தொப்பியைக் கொடுத்துவிட்டு உரிப்பு மேஜைக்குப் போனாள். மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்கள மாட்டி வுட்டுட்டு இவ உத்தமி ஆயிட்டா," என்று பஸ்ஸில் காதுபடப் பேசினார்கள். இன்னும் சிலர், "எங்களுக்கும் முன்னாடியே சொல்லியிருந்தா அஞ்சுக்கு இந்த கெதி வருமா?" என்றார்கள். எழிலரசன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். காலையில் பலகை முன்னால் நிற்கும்போது, அவள் கை தானாகச் செல்வியின் பில்லைக்குப் போகும். பாதி வழியில் அதை இழுத்துக்கொள்வாள். கலியன் இப்போது எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். நண்டும் நின்றுபோயிருந்தது.

ஒரு காலை, இறால் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. சோதனையாகத்தான் இருக்கும் என்று நினைத்தும் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். பலகை உருண்டு வந்தது. பில்லைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பச்சை முழுக்கக் காலி.

நந்தினியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "எல்லாரும் வந்தாச்சு!"

"இல்லம்மா," என்றது ஒரு குரல். "ஒரு ஆளு உள்ள."

எல்லோரும் திரும்பினார்கள். கங்கம்மாள்.

"பில்லை ஒண்ணுமே நிக்கலையேக்கா. யாரு?"

கங்கம்மாளை நீக்கும் உத்தரவு எந்த மேஜையில் இருக்கிறதோ அந்த மேஜைக்காரர். அவர் கார் நிற்பதை வரும்போதே பார்த்திருந்தாள். ஒரு மாசத்துக்கு முன்னால் இது அவள் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கும்.

"ஜி.எம். சாரு. அவருக்குப் பில்லை ஏது?"

ஆபீசருக்குப் பில்லை கிடையாது. பலகை வந்த நாளிலிருந்தே இல்லை. எழிலரசன் மாடிக்குப் போனான். ஏ.சி. அறையில், சத்தம் புகாத கண்ணாடிக்குப் பின்னால், மோகன்ராஜ் போனில் யாருக்கோ அந்த வட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, டிரில்தானே?" என்றாராம்.

"ஆமா சார். டிரில்தான். நீங்க செத்துட்டீங்க சார்."

மரத்தடிக்கு அவர் இறங்கி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. முகமூடிக்குள் சிரித்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. யார் சொன்னது என்று கேட்டார். நந்தினி சொன்னாள். அவர் கங்கம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். "ம்," என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவள் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

வட்டத்தின் நான்காவது துண்டு வேலை செய்தது. ஆபீசர்களுக்கும் பில்லை வந்தது, பளபளவென்று. புது விதி நடப்புக்கு வந்த முதல் காலையில், கங்கம்மாள் தன் பில்லையை மாட்டிவிட்டுத் திரும்பினாள். ஆபீஸ் ப்யூன் ஜெயராஜ் பலகையை நெருங்கி, சிவப்பிலிருந்து அந்தப் புத்தம்புதுப் பில்லையை எடுத்துப் பச்சையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஜெயராஜு, யாருது அது?"

"சாருது. டோல்கேட்ட தாண்டிட்டாராம். மாட்டி வெய்யின்னு போன் பண்ணாரு."

'தாண்டிட்டாராம்.' எத்தனை காலைகள் கங்கம்மாள் சொன்ன அதே வார்த்தை. பிறகு கையை நீட்டி அதைக் கழற்றி, சிவப்பில் திரும்ப மாட்டினாள்.

"யம்மா! சாரு என்னயக் கொன்னுடுவாரு!"

"நீ மாட்டுனா எழிலு போய்ச் சாவணும்," என்றாள் அவள். "சாரே வந்து மாட்டட்டும்."

மணி அடித்தும் கங்கம்மாள் பலகையை விட்டுப் போகவில்லை. கார் வந்தது. மோகன்ராஜ் இறங்கினார். பலகையைப் பார்த்தார். ஜெயராஜைப் பார்த்தார். ஜெயராஜ் மரத்தைப் பார்த்தான். கங்கம்மாளின் கண் தரையில் இருந்தாலும், கால் நகரவில்லை. நந்தினியும் ரயிலிலிருந்து வந்து அங்கேதான் நின்றாள். மோகன்ராஜ் நடந்து வந்து, தன் கையால் தன் பில்லையை எடுத்துப் பச்சையில் மாட்டினார். கொக்கி புதுசு, இரண்டு தரம் நழுவியது.

"சார்," என்றான் கலியன், நேராகப் பார்த்து. "மணி அடிச்சாச்சு. கார்ல வர்றவங்களுக்கு அரைநாள் சார்."

கங்கம்மாளை நீக்கும் உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. கையெழுத்துப் போட்டால், அதே குற்றத்துக்கு இன்னொரு உத்தரவும் அடித்தாக வேண்டியிருக்கும் என்று யாரோ அவருக்கு நினைவூட்டியிருக்கலாம். நந்தினியாகத்தான் இருக்கும்.

உள்ளே போகும் வழியில் கங்கம்மாள் கேன்டீன் பக்கம் பார்த்தாள். எழிலரசன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாஷ்டா துன்னியாக்கா?" என்றான்.